எக்ஸ்ரே நார்மல், வலி மட்டும் குறையவில்லை: எந்த அடிக்கு எந்த ஸ்கேன்?

கேள்வி இதுதான்: விளையாடும்போது முழங்கால் திருகி, ஒரு மணி நேரத்துக்குள் நன்றாக வீங்கிவிட்டது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, எலும்பில் ஒன்றும் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். நாட்கள் கழிந்தும் படி இறங்கினால் கால் நழுவுவது போல இருக்கிறது. முதலிலேயே எம்.ஆர்.ஐ. எடுத்திருக்கலாமே, ஏன் எடுக்கவில்லை? பொதுவாக எலும்பு, மூட்டு, தசைநாண் அடிகளில் எதற்கு எந்த ஸ்கேன் சரி?

இந்தப் படங்களைப் பார்த்து ரிப்போர்ட் எழுதுவதுதான் என் வேலை. அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

முதலில் உங்கள் முழங்காலுக்கு வருவோம். எக்ஸ்ரே நார்மல் என்றால், எலும்பு முறிந்து விலகவில்லை என்றுதான் அர்த்தம். எலும்புகளைச் சேர்த்துப் பிடிக்கும் ஜவ்வு, முழங்காலுக்குள் மெத்தை போல இருக்கும் மெனிஸ்கஸ், குருத்தெலும்பு எதுவும் எக்ஸ்ரேயில் தெரியாது. நீங்கள் சொன்னதில் எனக்கு முக்கியமாகப் பட்டது வீக்கம் வந்த வேகம். அடிபட்ட ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் முட்டி வீங்கினால் உள்ளே ரத்தம் கசிந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். மறுநாள் மெதுவாக வரும் வீக்கம் பெரும்பாலும் மூட்டு நீர். திருகலோடு வேகமாக வந்த வீக்கம், கூடவே கால் நழுவும் உணர்வு என்றால், ஏ.சி.எல். என்கிற முன்பக்கக் குறுக்கு ஜவ்வைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். முழங்கால் சில்லு ஒரு கணம் விலகித் தானாகவே இடத்துக்குத் திரும்பியிருந்தாலும் இப்படி ஆகும். ஒரு நல்ல எலும்பு மருத்துவர் முழங்காலை லேசாக மடக்கிப் பிடித்துக் கீழ்க்காலை முன்னே இழுத்துப் பார்த்தாலே ஏ.சி.எல். போனது பெரும்பாலும் தெரிந்துவிடும். அதற்குப் பிறகு எம்.ஆர்.ஐ. எடுப்பது, கூடவே வேறு என்ன கிழிந்திருக்கிறது என்று பார்க்கத்தான். உங்களுக்கு அது தேவை. ஆனால் எக்ஸ்ரே முதலில் எடுத்ததும் சரியே. எந்தப் படமாக இருந்தாலும், கேட்ட கேள்விக்குத்தான் பதில் சொல்லும். எக்ஸ்ரேயிடம் கேட்டது "எலும்பு முறிந்திருக்கிறதா" என்று. அதற்கு அது ஒழுங்காகவே பதில் சொல்லியிருக்கிறது.

அதற்காக எக்ஸ்ரேயைச் சாதாரணமாக நினைத்துவிட வேண்டாம். 1895இல் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்த ராண்ட்கென் தன் மனைவியின் கையைப் படமெடுத்த நாளிலிருந்து இன்றுவரை எலும்பு அடிக்கு முதல் படம் இதுதான். அப்படி இருப்பதற்கு நியாயமும் உண்டு. சில நிமிடத்தில் முடிகிறது, கதிர்வீச்சு மிகக் குறைவு, முறிவு எந்தப் பக்கம் எவ்வளவு விலகியிருக்கிறது என்று ஒரே பார்வையில் காட்டுகிறது. ஒரு நிபந்தனை மட்டும் உண்டு: குறைந்தது இரண்டு கோணத்தில் எடுக்க வேண்டும். நேராக எடுத்த படத்தில் பிசிறில்லாமல் தெரியும் விரல் எலும்பு, பக்கவாட்டில் எடுத்தால் முறிந்து மடங்கிக் கிடக்கும். தோள்பட்டை பின்பக்கமாக விலகுவது இன்னும் மோசம். வலிப்பு வந்தவர்களுக்கும் மின்சாரம் தாக்கியவர்களுக்கும் ஏற்படும் இந்த விலகல், முன்பக்கப் படத்தில் கிட்டத்தட்ட சரியாக இருப்பது போலவே தெரியும். கையைச் சற்று விலக்கி அக்குள் வழியாக எடுக்கும் படத்தில்தான் மேல்கை எலும்பின் பந்து போன்ற தலை குழியை விட்டுப் போயிருப்பது தெளிவாகும். ஒரே கோணத்தில் எடுத்த படத்தைக் காட்டி யாராவது "ஒன்றுமில்லை" என்றால், இன்னொரு கோணம் எங்கே என்று தயங்காமல் கேளுங்கள்.

முறிவு கண்ணில் படாதபோதும் எக்ஸ்ரே துப்பு கொடுக்கும். முழங்கையை எடுத்துக்கொள்வோம். மேல்கை எலும்பின் கீழ் முனையில் பின்பக்கம் ஒரு குழி இருக்கிறது. அதற்குள் கொஞ்சம் கொழுப்பு ஒளிந்திருக்கும். சாதாரணமாகப் பக்கவாட்டுப் படத்தில் அது தெரியவே தெரியாது. மூட்டுக்குள் ரத்தம் சேர்ந்தால் அந்தக் கொழுப்பு வெளியே தள்ளப்பட்டு, எலும்புக்குப் பின்னால் மெல்லிய கறுப்புப் பட்டையாகத் தெரிய ஆரம்பிக்கும். அடிபட்ட கையில் அந்தக் கறுப்புப் பட்டையைப் பார்த்துவிட்டால், முறிவுக் கோடு எங்குமே தெரியாவிட்டாலும், முறிவு இருப்பதாக வைத்துக்கொண்டு கட்டுப் போட்டு, சில நாள் கழித்து மறுபடி பார்ப்பதுதான் வழக்கம். பெரியவர்களுக்கு என்றால் பெரும்பாலும் முன்கையில் உள்ள ஆரை எலும்பின் தலையில், குழந்தைகளுக்கு என்றால் முழங்கைக்குச் சற்று மேலே முறிவு இருக்கும்.

முழங்காலிலும் இப்படி ஒன்று உண்டு. நோயாளியைப் படுக்க வைத்து, கதிரைக் கிடைமட்டமாகச் செலுத்திப் பக்கவாட்டுப் படம் எடுத்தால், சிலருக்குச் சில்லுக்கு மேலே ஒரு நேர்க்கோடு தெரியும். கோட்டுக்கு மேலே கொழுப்பு, கீழே ரத்தம். கொழுப்பு மூட்டுக்குள் வர வேண்டும் என்றால் எலும்பு உடைந்து மஜ்ஜை கசிந்திருக்க வேண்டும். ஆக, கீழ்க்கால் எலும்பின் மேல்தட்டில் எங்கோ ஒரு முறிவு ஒளிந்திருக்கிறது என்று தேடுவோம். அதே இடத்தில் வெளிப்பக்க ஓரமாக அரிசி அளவில் ஒரு எலும்புத் துணுக்கு பெயர்ந்திருந்தால், பார்க்கத்தான் சின்னது, கூடவே ஏ.சி.எல். கிழிந்திருப்பதற்கு வாய்ப்பு மிக அதிகம்.

எக்ஸ்ரேயை ஏமாற்றுவதில் மணிக்கட்டில் இருக்கும் ஸ்கேஃபாய்டு எலும்புக்கு இணை இல்லை. கையை ஊன்றி விழுபவர்களுக்கு, முக்கியமாக இளைஞர்களுக்கு, மணிக்கட்டின் சிறிய எலும்புகளில் அதிகம் முறிவது இதுதான். கட்டைவிரலை நன்றாக விரித்தால் அதன் அடியில் இரண்டு நாண்களுக்கு இடையே ஒரு பள்ளம் விழும், பாருங்கள், அந்தப் பள்ளத்தில் அழுத்தினால் வலிக்கும். முதல் நாள் எக்ஸ்ரேயில் பலருக்கு ஒன்றும் தெரியாது. முறிவு விலகாமல் இருப்பதால் கோடு கண்ணுக்குப் படுவதில்லை. சுளுக்கு என்று விட்டுவிடுவார்கள். இந்த எலும்புக்குப் பெரும்பகுதி ரத்தம் விரல் பக்க முனையிலிருந்து உள்ளே போய், அங்கிருந்து பின்னோக்கி முன்கை பக்கம் வருகிறது. நடுவில் முறிந்தால் முன்கை பக்கத்துத் துண்டுக்கு ரத்தம் நின்றுபோகலாம். அப்புறம் அது ஒட்டாமல், அப்படியே செத்துப்போய், சில வருடங்களில் மணிக்கட்டே தேய்ந்துபோகும். எக்ஸ்ரே நார்மலாக இருந்தும் அந்தப் பள்ளத்தில் வலி இருந்தால் கட்டுப் போட்டு, 10 முதல் 14 நாட்களுக்குள் மறுபடி படமெடுக்கச் சொல்வது இதனால்தான். அதற்குள் முறிந்த ஓரங்கள் கொஞ்சம் கரைந்து கோடு அகன்று தெரிய வரும். இரண்டு வாரம் காத்திருக்க முடியாது என்றால் எம்.ஆர்.ஐ. எடுத்தால் ஆரம்ப நாட்களிலேயே தெரிந்துவிடும். "நார்மல்" என்ற முதல் ரிப்போர்ட்டை நம்பி இந்த மறுபரிசோதனைக்குப் போகாமல் விட்டவர்களின் படங்களை மாதக்கணக்கில் தாமதமாகப் பார்க்கும்போது எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும். இவ்வளவு சுலபமாகத் தவிர்த்திருக்கக்கூடிய கேடு வேறு குறைவு.

எடை வைத்து எடுத்தால் மட்டும் தெரியும் அடிகளும் உண்டு. பாதத்தின் நடுப்பகுதியில் எலும்புகளைச் சேர்த்துப் பிடிக்கும் ஜவ்வு அறுந்தால், படுத்தபடி எடுத்த படத்தில் எல்லாம் வரிசையாக இருக்கும். நிற்க வைத்து எடுத்தால் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் போகும் நீண்ட எலும்புகளின் அடியில் இடைவெளி விரியும். உள்ளங்காலில் ரத்தக்கட்டு நீலமாகத் தெரிந்தால் இந்த அடியைச் சந்தேகியுங்கள். முழங்கால் தேய்மானத்துக்கும் நின்றபடி எடுத்த படம்தான் பயன்படும். படுத்துக்கொண்டு எடுத்தால் தேய்ந்த மூட்டிலும் இடைவெளி தாராளமாக இருப்பது போலத் தோன்றும்.

எக்ஸ்ரேயே தேவைப்படாத அடியும் நிறைய. கணுக்கால் பிசகி வருபவர்களில் முறிவு இருப்பது 15 சதவீதத்துக்கும் குறைவு. கனடாவின் ஒட்டாவாவில் 1992இல் இதற்காகவே சில எளிய விதிகளை வகுத்தார்கள். கணுக்காலின் இரண்டு பக்கமும் துருத்தி நிற்கும் எலும்புகளின் பின் ஓரத்தில், நுனியிலிருந்து 6 செ.மீ. வரை, அழுத்தினால் வலிக்கிறதா? அடிபட்ட உடனேயும், இப்போது மருத்துவர் முன்னாலும், நொண்டியாவது நாலடி எடுத்து வைக்க முடியவில்லையா? பாதத்தில் வலி என்றால், சுண்டுவிரல் பக்கத்து நீண்ட எலும்பின் அடியிலோ உள்பாதத்தின் மேட்டெலும்பிலோ அழுத்தினால் வலிக்கிறதா? எல்லாவற்றுக்கும் இல்லை என்றால் முறிவு இருக்க அநேகமாக வாய்ப்பில்லை. இந்த விதிகளைப் பின்பற்றினால் எடுக்கும் எக்ஸ்ரேக்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. ஆனால் போதையில் இருப்பவருக்கும், சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவருக்கும் இது பொருந்தாது. அவர்களுக்கு வலிதான் தெரியாதே.

சி.டி. பற்றிச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். அது எலும்பைத் துல்லியமாகக் காட்டும் கருவி. முறிவு இருக்கிறது என்று தெரிந்த பிறகு, எத்தனை துண்டு, மூட்டின் பரப்பு எவ்வளவு அழுந்தியிருக்கிறது, எங்கே திருகு போடலாம் என்று அறுவை சிகிச்சைக்குத் திட்டமிட இதற்கு ஈடில்லை. இடுப்புக் கிண்ணம், குதிகால் எலும்பு, முதுகெலும்பு, கீழ்க்கால் எலும்பின் மேல்தட்டு ஆகிய இடங்களில் சி.டி. எடுக்காமல் கத்தியை எடுப்பது அரிது. கதிர்வீச்சுதான் யோசிக்க வேண்டிய விஷயம். இயற்கையாகவே நம் எல்லோர்மீதும் வருடத்துக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் கதிர்வீச்சு படுகிறது. கை, கால் எக்ஸ்ரே ஒன்று அதில் சில மணி நேரத்துக்குச் சமம். கீழ்முதுகு சி.டி. சுமார் 6 மில்லிசீவர்ட், அதாவது இரண்டு வருடத்துக்கும் மேலான அளவு. தேவை இருந்தால் தயங்கக் கூடாது. தேவையில்லாமல் எடுக்கவும் கூடாது. கை, கால் மூட்டுகளில் எடுக்கும் சி.டி.யில் இந்தக் கவலை மிகவும் குறைவு.

இனி எம்.ஆர்.ஐ. இதில் கதிர்வீச்சே இல்லை. பலமான காந்தத்துக்குள் உடலில் உள்ள ஹைட்ரஜன் அணுக்கள் கொடுக்கும் சமிக்ஞையிலிருந்து படம் உருவாகிறது. ஹைட்ரஜன் எங்கே அதிகம்? நீரிலும் கொழுப்பிலும். கொழுப்பின் சமிக்ஞையை அடக்கி ஒரு படம் எடுத்தால் நீர் மட்டும் வெள்ளையாக ஒளிரும். அடிபட்ட இடம் எதுவானாலும் நீர் கோத்துக்கொள்ளும் என்பதால், பார்த்த உடனே கண் அங்கே போய்விடும். நல்ல ஜவ்வும் நாணும் எல்லாப் படத்திலும் கறுப்பாக இருக்க வேண்டும். கறுப்புக்குள் வெள்ளை புகுந்திருந்தால் கிழிசலைச் சந்தேகிப்போம்.

உங்களைப் போன்ற அடியில் எனக்கு மிகவும் உதவுவது ஜவ்வை விட எலும்பில் தெரியும் கன்றல்தான். ஏ.சி.எல். அறும் அந்த நொடியில் கீழ்க்கால் எலும்பு முன்னே நழுவி, அதன் வெளிப்பக்கப் பின்னோரம் தொடை எலும்பின் வெளிப்பக்க முண்டில் மோதுகிறது. எக்ஸ்ரேயில் சுவடே இருக்காது. எம்.ஆர்.ஐ.யில் தொடை எலும்பின் அந்த இடத்திலும், கீழ்க்கால் எலும்பின் பின்னோரத்திலும் இரண்டு வெள்ளைத் திட்டுகள் நிற்கும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் கால் எப்படித் திருகியது என்றே சொல்லிவிடலாம். சில்லு விலகித் திரும்பியிருந்தால் திட்டுகள் வேறு இடத்தில் இருக்கும்: ஒன்று சில்லின் உள்பக்கத்தில், மற்றொன்று தொடை எலும்பின் வெளியோரத்தில். மெனிஸ்கஸில் பெரிய கிழிசல் ஏற்பட்டு அந்தத் துண்டு மூட்டு நடுவே மடிந்து சிக்கிக்கொள்வதும் உண்டு. அப்போது முழங்காலை முழுதாக நீட்டவே முடியாது. அப்படிப் பூட்டிக்கொண்ட முழங்காலுக்கு ஸ்கேனைத் தள்ளிப்போட வேண்டாம்.

அப்படியானால் எல்லோருக்கும் எல்லாவற்றுக்கும் எம்.ஆர்.ஐ. எடுத்துவிடலாமே என்று தோன்றும். இந்தப் பதிலில் நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பதும் இதைத்தான். எம்.ஆர்.ஐ. அளவுக்கு மீறிக் காட்டும். அமெரிக்காவின் ஃப்ரேமிங்ஹாமில் 50 முதல் 90 வயதுக்குட்பட்ட 991 பேருக்கு முழங்கால் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்து, 2008இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அவர்கள் வலி என்று வந்தவர்கள் அல்ல, ஊரில் இருந்த சாதாரண மக்கள். மெனிஸ்கஸ் கிழிந்திருந்தவர்களில் 61 சதவீதம் பேருக்கு முந்தைய ஒரு மாதத்தில் முழங்கால் வலியே இல்லை. 70 வயதைத் தாண்டிய ஆண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்குக் கிழிசல் இருந்தது. முதுகுத் தட்டு (டிஸ்க்) பிதுங்குவதும் இப்படித்தான். வயதோடு தலை நரைப்பதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இது தெரியாமல், "கிழிசல்" என்று ரிப்போர்ட்டில் வந்துவிட்டதே என்று பயந்து அறுவை சிகிச்சை வரை போகிறவர்கள் நிறைய. வலிக்கிற இடமும், மருத்துவர் அழுத்திப் பார்க்கும்போது வலிக்கும் இடமும், படத்தில் தெரியும் இடமும் ஒன்றாக இருந்தால்தான் அந்தக் கிழிசலுக்கு அர்த்தம் உண்டு. வலி உள்பக்கம், கிழிசல் வெளிப்பக்கம் என்றால் நான் அதை நம்ப மாட்டேன்.

தசைநாணுக்கு வந்தால் என் முதல் தேர்வு பெரும்பாலும் அல்ட்ராசவுண்ட். நாண்கள் தோலுக்குப் பக்கத்தில் இருக்கின்றன. அதிக அதிர்வெண் கொண்ட ஒலியைச் செலுத்தினால் ஒவ்வொரு இழையும் தனித்தனிக் கோடாகத் தெரியும், எம்.ஆர்.ஐ.யை விடவும் நுணுக்கமாக. இன்னொரு பெரிய வசதி, அசைத்துப் பார்க்கலாம். கணுக்காலைச் சுழற்றும்போது வெளிப்பக்க நாண் எலும்பின் மேல் ஏறி "டக்" என்று இறங்குவதை அந்தக் கணத்திலேயே பிடிக்கலாம். அசையாமல் படுக்க வைத்து எடுக்கும் எம்.ஆர்.ஐ.யில் அது தெரியாமல் போகலாம்.

குதிகால் நாண் அறுந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். யாரோ பின்னாலிருந்து உதைத்தது போல இருந்தது என்பார்கள், திரும்பிப் பார்த்தால் யாரும் இருக்க மாட்டார்கள். மற்ற நாண்களின் உதவியால் பாதத்தைக் கொஞ்சம் அசைக்கவும் முடியும், நடக்கவும் முடியும். அதனால்தான் இதுவும் சுளுக்கு என்று தப்பிவிடுகிறது. குப்புறப் படுக்க வைத்துக் கெண்டைக்காலை அமுக்கினால் பாதம் கீழ்நோக்கி அசைய வேண்டும். அசையவில்லை என்றால் நாண் அறுந்துவிட்டது. இதற்கு ஸ்கேனே வேண்டாம். ஆனால் அல்ட்ராசவுண்ட் வைத்துப் பாதத்தைக் கீழ்நோக்கி வளைத்துப் பார்த்தால், அறுந்த இரண்டு முனையும் ஒன்றையொன்று தொடுகின்றனவா என்று தெரியும். தொட்டால் அறுவை சிகிச்சை இல்லாமல் பூட்ஸ் போட்டே ஒட்ட வைப்பதைப் பற்றி யோசிக்கலாம்.

அல்ட்ராசவுண்டின் பலவீனம், பார்ப்பவரின் கையைப் பொறுத்தது. நாணின் இழைகள் இணையாக ஓடுவதால் ஒலி செங்குத்தாகப் பட்டால்தான் எதிரொலி நேராகத் திரும்பி வரும். கருவியைக் கொஞ்சம் சாய்த்தாலே போதும், நல்ல நாண் கறுத்துப்போய்க் கிழிந்தது போலத் தெரியும். தோள்பட்டையில் நாண் வளைந்து எலும்பில் பிடிக்கும் இடத்தில் இந்த ஏமாற்று அடிக்கடி நடக்கும். அங்கே கறுப்பாகத் தெரிந்தால் உடனே கருவியை முன்னும் பின்னும் சாய்த்துப் பார்க்க வேண்டும். கறுப்பு மறைந்துவிட்டால் நாண் நன்றாக இருக்கிறது. எப்படிச் சாய்த்தாலும் கறுப்பு நின்றால்தான் கிழிசல். எலும்பைத் தாண்டி ஒலி போகாது என்பதால் மூட்டின் உள்ளே இருக்கும் ஏ.சி.எல்., மெனிஸ்கஸ் போன்றவற்றுக்கு அல்ட்ராசவுண்டை நம்பக் கூடாது. தோள்பட்டை நாண் முழுதாகக் கிழிந்ததைக் கண்டுபிடிப்பதில் தேர்ந்த கையில் இருக்கும் அல்ட்ராசவுண்ட் எம்.ஆர்.ஐ.க்குக் குறைந்தது அல்ல.

குழந்தைகளைப் பற்றியும் வயதானவர்களைப் பற்றியும் தனியாகச் சொல்ல வேண்டும். குழந்தைகளின் எலும்பு பச்சைக் குச்சி போல, வளையும், ஒருபக்கம் மட்டும் பிளக்கும், சில நேரம் லேசாகப் புடைத்துக்கொண்டு நின்றுவிடும். அதோடு எலும்பு முனைகளில் வளர்ச்சித் தட்டு இருக்கிறது. அது குருத்தெலும்பு என்பதால் எக்ஸ்ரேயில் வெறும் இடைவெளியாகத்தான் தெரியும். அந்தத் தட்டு வழியாக மட்டும் முறிவு ஓடி, எலும்பு விலகாமல் இருந்தால் படம் சரியாகவே இருக்கும். எனவே குழந்தைக்கு எலும்பு முனையில் அழுத்தினால் வலி என்றால், படம் எப்படி இருந்தாலும் அடிபட்டதாகவே எடுத்துக்கொள்வது நல்லது. வயதானவர் விழுந்து இடுப்பு வலி என்கிறார், நிற்க முடியவில்லை, எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்றால் அத்தோடு விட்டுவிடவே கூடாது. எலும்பு மெலிந்தவர்களின் தொடை எலும்புக் கழுத்தில் விலகாத முறிவு எக்ஸ்ரேயில் தப்பிவிடும். எம்.ஆர்.ஐ.யில் தெளிவாகத் தெரியும், அது கிடைக்காத இடத்தில் சி.டி. எடுக்கலாம். தவறவிட்டு அவர் நடந்துகொண்டே இருந்தால் முறிவு விலகி, சின்ன அறுவை சிகிச்சை பெரியதாகிவிடும். நீண்ட தூரம் ஓடுபவர்களுக்கு வரும் சோர்வு முறிவும் இதே ரகம்தான். எக்ஸ்ரேயில் தெரிய இரண்டு மூன்று வாரம் ஆகும், எம்.ஆர்.ஐ.யில் மஜ்ஜையின் நீர்க்கோப்பு அதற்கு முன்பே தெரிந்துவிடும்.

ஸ்கேனுக்குப் போகும்போது செய்ய வேண்டியவை கொஞ்சம். எப்படி அடிபட்டது, எங்கே வலி, எப்போதிலிருந்து என்று சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். "முழங்கால் வலி" என்று இரண்டே வார்த்தை எழுதி வந்தால் நான் தேட வேண்டிய இடம் எனக்குத் தெரியாது. பழைய படங்களைக் கையோடு கொண்டு போங்கள், ரிப்போர்ட்டை மட்டும் அல்ல. எம்.ஆர்.ஐ. என்றால் பேஸ்மேக்கர், காதுக்குள் பொருத்திய கருவி, கண்ணில் எப்போதோ தெறித்த இரும்புத் துகள் எதுவானாலும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எலும்பில் போட்ட டைட்டானியத் தகடும் திருகும் பொதுவாகத் தடையில்லை, ஆனால் அவற்றைச் சுற்றிப் படம் கலங்கும் என்பதால் அதையும் சொல்ல வேண்டும்.

அப்புறம், சில அடிகளுக்கு ஸ்கேன் வரிசையில் காத்திருக்கவே கூடாது. தோல் கிழிந்து எலும்பு தெரிகிறது, மூட்டு கோணலாக நிற்கிறது, அடிபட்ட இடத்துக்குக் கீழே கை அல்லது பாதம் வெளிறிச் சில்லிட்டு மரத்துப்போகிறது என்றால் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள். முழங்கால் மூட்டே விலகிய அடியில் பின்பக்க ரத்தக்குழாய் அறுந்திருக்கலாம். அங்கே அவர்கள் முதலில் பார்ப்பது நாடித் துடிப்பை, படம் அதற்கு அப்புறம்தான்.